கொழும்பில் அமைதியாகப் போராடும்போது கைதானால்: வீதியிலிருந்து பிணை வரை, பிணைக்குப் பிறகும்

கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னாலோ லிப்டன் சுற்றுவட்டத்திலோ பதாகை பிடித்து நிற்கிற பலர், கைது என்று வந்தால் பொலிஸோடு வாதாடி வெல்லலாம் என்று எண்ணுகிறார்கள். வீதியில் நடக்கும் வாதத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. நீதவானும் பின்னர் உயர் நீதிமன்றமும் பார்ப்பது எழுத்தில் இருப்பதைத்தான்: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள், எந்த மொழியில் வாக்குமூலம் எடுத்தார்கள், அதன் கீழே யாருடைய கையெழுத்து இருக்கிறது. கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த எழுத்தைச் சரியாக விழ வைப்பதற்கானவை.

நான் சட்டத்தரணி இல்லை. கைதானவர்களுக்காகப் பொலிஸ் நிலைய வாசல்களிலும் புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலும் நின்று, புதிதாக வருபவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பார்த்தவன். கைது நடந்தால் சட்டத்தரணி கட்டாயம் வேண்டும். அவர் வரும்வரையும் வந்த பிறகும் நீங்கள் செய்ய வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதல் நாளே ஒரு ‘வெளி ஆளை’ வைத்துக்கொள்ளுங்கள்

மிகப் பெரிய பிழை இங்கேதான் நடக்கிறது. நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து போராட்டத்துக்குப் போவார்கள். எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டால் வெளியே ஓட ஆள் இருக்காது. ஆகவே ஒருவர் களத்துக்கு வராமல் இருக்க வேண்டும். அவர் போன் சார்ஜோடு, கொழும்புக்குள்ளேயே, சிங்களம் ஓரளவு பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.

அவரிடம் கொடுக்க வேண்டியவை: அடையாள அட்டையில் உள்ளபடி உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, நீங்கள் தினமும் எடுக்கும் மருந்து, சட்டத்தரணியின் இலக்கம், பிணை நிற்கக்கூடிய இருவரின் பெயர். முழுப்பெயர் ஏன் என்றால், பொலிஸ் பதிவில் நீங்கள் ‘குட்டி’யாகவோ ‘ரவி’யாகவோ இருக்க மாட்டீர்கள். செல்லப்பெயர் சொல்லி விசாரித்தால் “அப்படி ஒருவர் இங்கே இல்லை” என்று வரும் பதில் பொய்யாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

சட்டத்தரணியின் இலக்கத்தையும் வெளி ஆளின் இலக்கத்தையும் முழங்கையின் உட்பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். போனைத்தான் முதலில் வாங்குவார்கள். இன்றைக்கு யாருக்கும் எந்த இலக்கமும் மனப்பாடம் இல்லை.

பையில் இருக்க வேண்டியவை குறைவு: தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதி, ஒரு நாளைக்கான மருந்து, வைத்தியர் எழுதிய துண்டு, கொஞ்சம் காசு. இருக்கக் கூடாதவற்றில் கவனம் அதிகம் வேண்டும். பதாகை வெட்டக் கொண்டுபோன பிளேட் கத்தி, அதே பையில் இருந்தால் பிறகு ‘கூரிய ஆயுதம்’ என்று அறிக்கையில் ஏறலாம். பதாகைக்கு மரத்தடிக்குப் பதில் காகிதக் குழாய் போதும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் விடுமுறையில் வந்து “நானும் வாறேன்” என்றால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பேச்சுச் சுதந்திரமும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரமும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் பிரசைகளுக்கே தரப்பட்டுள்ளன. சித்திரவதைக்கு எதிரான 11ஆம் உறுப்புரையும் கைது பற்றிய 13ஆம் உறுப்புரையும் எல்லோருக்கும் பொது. கைது இல்லாமலேயே விசாவில் கை வைத்தால் அவருக்கு அதுவே பெரிய தலைவலி.

2. இடத்தையும் அறிவித்தலையும் சரிபாருங்கள்

பொது இடம்தானே, எதுவும் தேவையில்லை என்பது பாதி உண்மை. நின்ற இடத்தில் நின்று செய்யும் கவனயீர்ப்புக்கும் நகரும் ஊர்வலத்துக்கும் சட்டத்தில் வித்தியாசம் உண்டு. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, ஊர்வலம் தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன் அருகிலுள்ள பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்கச் சொல்கிறது. அது அறிவித்தல் மட்டுமே. “அனுமதி தாருங்கள்” என்று கடிதம் எழுதினால், அனுமதி மறுக்கப்பட்டது என்று பதில் எழுத நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். “இன்ன இடத்திலிருந்து இன்ன வீதி வழியாக இன்ன நேரத்துக்குச் செல்கிறோம் என்பதை அறிவிக்கிறோம்” என்று எழுதி, பிரதியில் திகதியும் நேரமும் போட்ட முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத பிரதி வெறும் கடதாசி.

ஒலிபெருக்கிக்கு வேறாக அனுமதிப்பத்திரம் வேண்டும். அதை மறந்துவிட்டு ஊர்வல அறிவித்தல் மட்டும் கொடுப்பவர்கள் நிறையப் பேர். கையால் அடிக்கும் மேளம், மணி, கைதட்டல் வேறு கதை: சத்தம் எழுப்பி எதிர்ப்புக் காட்டுவதும் கருத்து வெளிப்பாடுதான் என்று ‘ஜன கோஷா’ வழக்கில் 1993இல் உயர் நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

அடுத்தது நீதிமன்ற உத்தரவு. கொழும்பில் பெரிய போராட்டம் என்றால் பொலிஸார் முதல் நாளோ அன்று காலையோ நீதவானிடம் போய், இன்னின்னார் இன்ன வீதிகளுக்குள் வரக் கூடாது என்று உத்தரவு வாங்குவது வழக்கமாகிவிட்டது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழ் வரும் இத்தகைய உத்தரவு 14 நாளுக்கு மேல் நிற்காது. களத்தில் “கோர்ட் ஓர்டர் இருக்கு” என்று சொன்னால் பார்க்கக் கேளுங்கள், படம் எடுங்கள், மூன்று விஷயம் பாருங்கள்: யாருடைய பெயர், எந்த வீதி, எந்த நேரம். காலி வீதிக்குப் போட்ட உத்தரவை மருதானையில் தூக்கிக் காட்டினால், அந்தப் படம்தான் பிறகு உங்கள் சாட்சி. உங்கள் பெயரும் வீதியும் உண்மையிலேயே அதில் இருந்தால் விலகி விடுங்கள். நீதிமன்ற உத்தரவை மீறுவது தனிக் குற்றம். அதுவரை சுத்தமாக இருந்த உங்கள் பக்கத்தை அது ஒரே நிமிடத்தில் கெடுத்துவிடும்.

3. களத்தில்: தடுப்பைத் தொடாதீர்கள், கலையச் சொன்னதைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரும்புத் தடுப்பை ஆட்டுவது, பஸ்ஸைத் தட்டுவது, பொலிஸ்காரரின் கேடயத்தைத் தள்ளுவது எல்லாம் ஆர்ப்பாட்டத்தின் இயல்பு போலத் தோன்றும். ஆனால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு, அதோடு உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரின் சான்றிதழும் சேர்ந்தால் பிணை கிடைப்பது மிகக் கடினம். அதே ஆள் பதாகையோடு சும்மா நின்றிருந்தால் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு தடுப்பைத் தொட்டதும் தொடாததும் அவ்வளவு தூரம் வித்தியாசப்படும்.

‘சட்டவிரோத ஒன்றுகூடல்’ என்ற குற்றச்சாட்டைத்தான் அதிகம் கேட்பீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவுப்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடியிருக்க வேண்டும். அது மட்டும் போதாது: வன்முறை, குற்றம் செய்தல், சட்டம் நிறைவேறுவதைத் தடுத்தல் போன்ற ஒரு பொதுநோக்கமும் வேண்டும். கூட்டமாக நின்று கோஷம் போட்டது மட்டும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வராது.

அத்தகைய கூட்டத்தைக் கலையச் சொல்ல, நீதவானுக்கோ பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கோதான் அதிகாரம். ஆகவே அறிவித்தல் வந்ததும் யாராவது ஒருவர் நேரத்தை எழுதட்டும்: சொன்னவரின் தரம், எந்த மொழியில் சொன்னார், கலைந்துபோக எத்தனை நிமிடம் கொடுத்தார், எந்தப் பக்கம் வழி திறந்திருந்தது. சிங்களத்தில் மட்டும் அறிவித்துவிட்டு உடனே தண்ணீர் பீய்ச்சினால் அந்தக் குறிப்பு பிறகு பேசும்.

காணொளி எடுப்பவர் கூட்டத்தின் நடுவில் நிற்கக் கூடாது, ஓரத்தில் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் அவரையும் சேர்த்துத் தூக்குவார்கள், படமும் போகும். எடுத்ததை உடனுக்குடன் வெளி ஆளுக்கு அனுப்பிவிடுங்கள்.

4. கை வைக்கும் நேரத்தில்

உடலைத் தளர்த்தி நில்லுங்கள். கையைத் தட்டிவிடாதீர்கள், இழுபடாதீர்கள். கைது சட்டவிரோதமாகவே இருந்தாலும், இழுபட்டால் ‘அரச ஊழியரின் கடமைக்கு இடையூறு’ என்ற இன்னொரு குற்றச்சாட்டு வந்து சேரும். முதல் குற்றச்சாட்டு விழுந்துபோனாலும் இரண்டாவது நிற்கக்கூடும்.

அப்புறம் இரண்டு கேள்வி, சத்தமாக, காணொளியில் பதியும்படி. “நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா, சேர்?” “என்ன காரணம்?” சிங்களம் வராதவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளலாம்: “மாவ அத்அடங்குவட்ட கத்தத? ஹேதுவ மொகக்த?” கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரையும் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவும் சொல்கின்றன. “ஸ்டேஷனுக்கு வா, சொல்றோம்” என்பது காரணம் ஆகாது. அதற்காக அங்கே நின்று விவாதிக்கவும் வேண்டாம். கேட்டீர்கள், பதில் வரவில்லை என்பது பதிவானால் போதும்.

“கைது இல்லை, வாக்குமூலம் மட்டும்தான்” என்று ஏற்றிக்கொண்டு போவதும் உண்டு. பிறகு நிலையத்தில் பல மணித்தியாலம் வைத்திருந்துவிட்டு, கைது செய்த நேரமாக இரவு எட்டு மணியைப் புத்தகத்தில் எழுதுவார்கள். நீங்கள் விரும்பியபடி எழுந்து போக முடியாத நிலை வந்த கணத்திலிருந்தே கைது தொடங்கிவிட்டது. கூட்டில் அடைத்தால்தான் கைது என்றில்லை. 1988இல் பியசிறி வழக்கில் உயர் நீதிமன்றம் போன வழியும் இதுதான். அதனால் பஸ்ஸில் ஏறும்போது மணியைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து உரக்கச் சொல்லிக்கொள்ளுங்கள். இருவருக்கு நினைவிருந்தால் ஒருவர் மறந்தாலும் மற்றவர் சத்தியக்கடதாசியில் எழுதலாம்.

பிடிப்பவர் சிவில் உடையில் இருந்தால் பெயரையும் நிலையத்தையும் கேளுங்கள். வெளியில் நிற்பவர்கள் வாகன இலக்கத்தைக் கத்திச் சொல்லி அதையும் படமெடுக்கட்டும். கைதாகும் பெண்களை உடல் சோதனை செய்வது பெண் அலுவலராகவே இருக்க வேண்டும். இல்லையென்றால் சோதனைக்கு முன்னரே கேளுங்கள்.

5. வெளி ஆளின் முதல் ஒரு மணி நேரம்

உள்ளே இருப்பவரைவிட வெளியே இருப்பவருக்குத்தான் வேலை அதிகம். வரிசை மாறினால் நேரம் வீணாகும்.

முதலில் சட்டத்தரணிக்கு அழைப்பு. இரண்டாவது, எந்த நிலையம் என்று கண்டுபிடிப்பது. கோட்டையில் பிடித்தவரைக் கோட்டைப் பொலிஸில்தான் வைத்திருப்பார்கள் என்று இல்லை. பலரைப் பிடித்தால் பிரித்துப் பல நிலையங்களுக்கு அனுப்புவார்கள், பெண்களை வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். கோட்டை, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு, கறுவாத்தோட்டம், மருதானை என்று சுற்றியிருக்கும் நிலையங்கள் எல்லாவற்றிலும் கேளுங்கள். சிங்களத்தில் விசாரிக்கும்போது கறுவாத்தோட்டத்தைக் ‘குருந்துவத்த’ என்றும் கொம்பனித்தெருவைக் ‘கொம்பஞ்ஞ வீதிய’ என்றும் கேட்டால் உடனே புரியும்.

“இங்கே இல்லை” என்று சொன்னால் சொன்னவரின் பெயர், தரம், நேரம் மூன்றையும் எழுதுங்கள். தடுத்து வைக்கப்பட்டவருக்கு உறவினரோடும் சட்டத்தரணியோடும் தொடர்புகொள்ளும் உரிமையை 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், அதாவது வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சட்டம், தெளிவாகத் தருகிறது. நம்மவர்கள் ஏனோ இந்தச் சட்டத்தை வடக்கு கிழக்கின் பழைய வழக்குகளுக்கு மட்டும் உரியதென்று நினைக்கிறார்கள். கொழும்புப் பொலிஸ் நிலையத்திலும் அதே சட்டம்தான்.

மூன்றாவது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கம். தமிழில் பேசலாம். ஆணைக்குழுவிலிருந்து ஓர் அழைப்பு நிலையத்துக்குப் போனாலே உள்ளே நடத்தும் விதம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 12ஆம் படியில் அது தேவைப்படும்.

ஊடகத்துக்கும் முகநூலுக்கும் இதற்குப் பிறகு போகலாம். முதலிலேயே நேரலை போட்டுவிட்டு, அதற்கு வரும் கருத்துகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்ததில் சட்டத்தரணிக்கு அழைக்க இரவாகிவிட்ட கதைகள் உண்டு.

எங்குமே ஆளைக் காணவில்லை, எந்த நிலையமும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடும் ஆள்கொணர்வு மனு இருக்கிறது. இதைச் சட்டத்தரணி முடிவு செய்வார். நீங்கள் எழுதி வைத்த பெயர்களும் நேரங்களும்தான் அவருக்கு மூலப்பொருள்.

6. வாக்குமூலம்: தமிழர்கள் அதிகம் தோற்கும் இடம்

கொழும்புப் பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்படும். நீங்கள் தமிழில் சொல்வதை அரைகுறையாகத் தமிழ் தெரிந்த ஒருவர் கேட்டு, இன்னொருவர் சிங்களத்தில் எழுதி, கடைசியில் “இங்கே கையெழுத்து” என்று விரலால் காட்டுவார்கள். களைப்பு, பசி, வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசை. பலரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு நீதிமன்றத்தில் வாசிக்கும்போதுதான் தெரியும், “தடுப்பை உடைக்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன்” என்று எழுதியிருப்பது.

முதலில் கேட்க வேண்டியது: “மட்ட தெமளென் கட உத்தரய தென்ன ஓன.” தமிழில் வாக்குமூலம் தர வேண்டும் என்று பொருள். தமிழும் அரசகரும மொழி. வடக்கு கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலர் ஒருவரோடு தமிழில் அலுவல் நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையில் இருக்கிறது. தமிழ் தெரிந்த அலுவலர் வரும்வரை காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். அரை மணி நேரம் மிச்சப்படுத்தப் போய் அரை வருடம் வழக்குக்கு அலைவது வேண்டாம்.

அலுவலர் யாரும் இல்லை, சிங்களத்தில்தான் எழுதுவோம் என்றால்? கையெழுத்துப் போட மறுப்பதைவிட, கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட, தமிழிலேயே எழுதுவது நல்லது: “இது சிங்களத்தில் எழுதப்பட்டுள்ளது. எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. தமிழில் விளக்கப்படவில்லை.” அதன் கீழே நேரமும் கையெழுத்தும். விளக்கியிருந்தால் யார் விளக்கினார் என்று எழுதுங்கள். இந்த மூன்று வரியை எழுத விடாமல் தடுத்தால் அதையே நீதவானிடம் சொல்லுங்கள்.

வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள். எழுதிய பக்கத்தின் கீழே இடம் மிச்சம் இருந்தால் குறுக்காக ஒரு கோடு போட்டுவிட்டு வையுங்கள்.

என்ன பதில் சொல்வது? பெயர், முகவரி, தொழில் போன்றவற்றைச் சரியாகச் சொல்லுங்கள். மற்றக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லக் கடமை உண்டு, ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விகளுக்கு அந்தக் கடமை இல்லை. இது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவில் இருக்கிறது. “என் சட்டத்தரணியோடு பேசிய பிறகு பதில் சொல்கிறேன், சேர்” என்பதை மரியாதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லலாம். பொய் மட்டும் சொல்லாதீர்கள். நண்பரைக் காப்பாற்றச் சொல்லும் சின்னப் பொய்கூடக் காணொளி வந்ததும் உங்கள் முழு வாக்குமூலத்தையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

பொலிஸ் அலுவலரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைச் சாதாரண வழக்கில் உங்களுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அந்தத் தைரியத்தில் எதற்கும் கையெழுத்து வைத்துவிடக் கூடாது. முன்னுக்குப் பின் முரண் என்று காட்ட வாக்குமூலத்தைப் பயன்படுத்த முடியும்.

சட்டத்தரணி நிலையத்துக்கு வந்து உங்களுக்காகத் தோன்றலாம் என்பது 2012இல் வர்த்தமானியில் வந்த விதி. வாக்குமூலம் எடுக்கும்போது அவரைப் பக்கத்தில் உட்கார விடுவார்களா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது. விடாவிட்டாலும் அவர் வாசலில் நிற்பதற்குப் பலன் உண்டு.

7. போன்

விசாரணைக்கென்று போனை எடுத்தால் பற்றுச்சீட்டோ பதிவுப் பிரதியோ கேளுங்கள். மாதிரி, நிறம், ஐ.எம்.இ.ஐ. இலக்கம் எழுதப்பட வேண்டும். போனைக் கொடுப்பதும் பாஸ்வேர்ட் சொல்வதும் ஒன்றல்ல. “சட்டத்தரணியோடு பேசிவிட்டுச் சொல்கிறேன்” என்ற அதே வரிதான் இதற்கும். விரல்ரேகையில் திறக்கும் வசதியை வீட்டிலிருந்து கிளம்பும்போதே நிறுத்திவிடுங்கள்.

8. காயம் இருந்தால்

அடி பட்டிருந்தால் நீதவான் முன் போகும் முன் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவார்கள். நாம் ஜே.எம்.ஓ. என்று சொல்பவர் அவர்தான். பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்கிறார் என்று பயந்து “விழுந்துட்டேன் டொக்டர்” என்று சொல்பவர்கள் பாவம், தங்கள் வழக்கைத் தாங்களே முடித்துவிடுகிறார்கள். பொலிஸை வெளியே நிற்கச் சொல்லும்படி வைத்தியரிடம் கேளுங்கள். எங்கே, எதனால், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டுங்கள். வெளியே தெரியாத உள்வலியையும் சொல்லுங்கள்.

விடுவிக்கப்பட்ட பிறகுதான் வலி தெரிகிறது என்றால் அன்றே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குப் போய்க் காரணத்தை உள்ளபடி சொல்லிப் பதியுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் வசதி அதிகம்; வழக்குக்கு வேண்டிய சட்ட மருத்துவ அறிக்கை அரச வைத்தியசாலை வழியாகத்தான் சுலபமாக வரும். நீலம் பாய்ந்த இடங்களை அன்றும் அடுத்த இரண்டு நாளும் படமெடுங்கள், ஏனென்றால் சில தழும்புகள் மறுநாள்தான் நிறம் காட்டும்.

9. இருபத்துநான்கு மணி நேரம்

சாதாரண சட்டத்தின் கீழ் கைதானவரை, பயண நேரம் போக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்கிறது நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவு. 4ஆம் படியில் மணி பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிணையில் விடக்கூடிய குற்றம் என்றால் பொறுப்பதிகாரியே பொலிஸ் பிணையில் விடலாம். அதைச் சட்டத்தரணி முதலில் கேட்பார்.

வெள்ளிக்கிழமை மாலைக் கைதுகளில் குடும்பத்தினர் சனிக்கிழமை புதுக்கடையில் போய்ப் பூட்டிய வாசலில் நிற்பதைக் காணலாம். விடுமுறை நாளில் பதில் நீதவானின் வீட்டில் ஆஜர்படுத்துவது வழக்கம். எந்த நீதவான், எங்கே, எத்தனை மணிக்கு என்று நிலையத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நிலையம் பிடித்தது என்பதைப் பொறுத்து கோட்டை, கொழும்பு, மாளிகாகந்தை, கல்கிசை என்று நீதிமன்றம் மாறும்.

பொலிஸார் அங்கே ‘பி’ அறிக்கை ஒன்றைத் தாக்கல் செய்வார்கள்; கைதையும் விசாரணையையும் பற்றி நீதவானுக்கு அவர்கள் தரும் அறிக்கை அது. நீதிமன்ற மொழி சிங்களம். புரியாவிட்டால் தமிழில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு, தலையாட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அடித்திருந்தால், காரணம் சொல்லாமல் பிடித்திருந்தால், 6ஆம் படியில் சொன்ன மூன்று வரியை எழுத விடவில்லை என்றால், இங்கே வாய் திறந்து சொல்ல வேண்டும். நீதவான் அதை வழக்கேட்டில் பதிந்தால் பிறகு யாராலும் அழிக்க முடியாது. வழக்கு இலக்கத்தையும் அடுத்த தவணைத் திகதியையும் வெளி ஆள் எழுதிக்கொள்ளட்டும். ‘பி’ அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதிக்குச் சட்டத்தரணி அன்றே விண்ணப்பிக்கட்டும்.

10. பிணை

1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதுதான் பொதுவிதி, மறுப்பது விதிவிலக்கு. ஆனாலும் பிணை கிடைத்தும் இரவு சிறைக்குப் போனவர்கள் உண்டு. பிணையாளி தயாராக இல்லை, கடதாசி இல்லை.

சரீரப் பிணைக்கு, அதாவது உங்களுக்காக ஆளாகப் பொறுப்பு நிற்க, வருபவர் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ், முடிந்தால் சம்பளத் துண்டோ மின்கட்டணப் பற்றுச்சீட்டோ கொண்டுவர வேண்டும். கிராம உத்தியோகத்தர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார். ஆகவே கைதான அன்றே இந்த வேலை தொடங்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் போர்டிங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது இன்னும் சிக்கல். அம்மா அப்பா இரவு பஸ்ஸில் வந்து சேரும்போது நீதிமன்றம் கலைந்திருக்கும். கொழும்பில் நிரந்தர முகவரி உள்ள ஒரு மாமாவோ சித்தியோ கூடவே நிற்கச் சம்மதித்திருந்தால் அந்த இரவு மிச்சம். முதல் படியில் பிணையாளிகளின் பெயர் கேட்டதன் காரணம் இதுதான்.

பிணை நிபந்தனைகளை நிதானமாக வாசியுங்கள்: எந்த ஞாயிறு எந்த நிலையத்தில் கையெழுத்து, கடவுச்சீட்டு ஒப்படைப்பு, குறித்த இடத்துக்குப் போகாமை. நிபந்தனை தெரியாமல் அடுத்த போராட்டத்தில் நின்று பிணை ரத்தானால் மீண்டும் எடுப்பது பெரும்பாடு.

11. இந்தக் கணக்குகள் பொருந்தாத சட்டங்கள்

கைதுக் காரணமாகப் பின்வரும் பெயர்களில் ஒன்று காதில் விழுந்தால் மேலே சொன்ன நேரக் கணக்கை மறந்துவிட்டு உடனே மூத்த சட்டத்தரணி ஒருவரைத் தேடுங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம்: 24 மணி நேரமும் பிணைச் சட்டமும் அங்கே உதவாது. தடுப்புக்காவல் உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதம்வரை, 2022 திருத்தத்தின்படி மொத்தம் 12 மாதம்வரை போகலாம். தகுந்த தர அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலும் அங்கே சாட்சியாகும், ஆகவே 6ஆம் படியில் சொன்ன கவனம் இரட்டிப்பாக வேண்டும். கைதை 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது இதில் உள்ள ஒரு பிடி. அறிவித்தார்களா என்று ஆணைக்குழுவிடம் கேளுங்கள்.

2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின், 3ஆம் பிரிவு: வெறுப்பைத் தூண்டும் பேச்சுக்கென்று வந்தது. இதில் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பதாகையில் எழுதும் வாசகம் ஓர் அரசையோ அமைச்சரையோ சாடட்டும். ஓர் இனத்தையோ மதத்தையோ குறிக்கும் ஒரு சொல் போதும், வழக்கு இந்தப் பக்கம் திரும்ப.

அவசரகாலச் சட்டமோ ஊரடங்கோ நடைமுறையில் இருந்தால் அன்றைய வர்த்தமானியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2022 ஜூலையில் பிறப்பித்த அவசரகால நிலை அடிப்படை உரிமையை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்ததென்னவோ உண்மைதான். தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில். அந்தச் சட்டத்தில் பிடிபட்டவருக்கு மூன்று வருடம் கழித்து வரும் நியாயம் அன்றைய இரவுக்கு உதவாது.

12. ஒரு மாதக் கெடு

பிணையில் வந்ததும் எல்லோரும் களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கம் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது பலருக்குத் தெரியாது. காரணம் சொல்லாமல் பிடித்தது, அடித்தது, பேச்சுச் சுதந்திரத்தைத் தடுத்தது என்பதற்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போட, அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம் மட்டுமே. நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருந்தால் போச்சு.

அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இது. இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. முறைப்பாட்டைக் கொடுத்த பற்றுச்சீட்டு மட்டும் போதாமல் போகலாம். விசாரணை உண்மையிலேயே நடந்துகொண்டிருந்தது என்று உங்களைக் காட்டச் சொல்லலாம். ஆகவே விசாரணை நிலுவையில் உள்ளதென்று ஆணைக்குழுவிடமிருந்து கடிதம் வாங்குங்கள். என் அபிப்பிராயம், கடிதம் கையில் இருந்தாலும் மனுவை மாதத்துக்குள்ளேயே போடுவது நல்லது. விளக்கமறியலில் இருந்ததால் தாமதம் என்றால் நீதிமன்றம் கருத்தில் எடுக்கக்கூடும், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

முதல் வாரத்திலேயே எல்லோரும் தனித்தனியாக நடந்ததை எழுதி வையுங்கள்: மணி, இடம், யார் என்ன சொன்னார். கூட்டாக உட்கார்ந்து எழுதினால் எல்லோருடைய கதையும் ஒரே வார்த்தைகளில் இருக்கும், மறுதரப்புச் சட்டத்தரணிக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். குறிப்பிட்ட அலுவலர்மீது ஒழுக்காற்று நடவடிக்கை வேண்டுமென்றால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வேறாக எழுத வேண்டும்.

13. தவணைகளும் திரும்பப் பெற வேண்டிய பொருட்களும்

வழக்கு மாதக்கணக்கில் இழுபடும். ஒவ்வொரு தவணையிலும் அடுத்த திகதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடுவார்கள். “ஒன்றும் நடக்கவில்லையே” என்று ஒரு தவணையைத் தவறவிட்டால் பிடியாணை வரும். கட்டுநாயக்கவில் பயணம் தடைப்பட்ட பிறகு அது தெரியவந்தால் இன்னும் மோசம். வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போகிறவர்கள் பயணத் தடை இருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் முன்கூட்டியே பாருங்கள், இருந்தால் நீக்க விண்ணப்பியுங்கள்.

வழக்குப் பொருளாக எடுத்த போனை நீதவானின் உத்தரவோடு தற்காலிகமாகத் திரும்பப் பெறலாம். விண்ணப்பத்தோடு வாங்கிய கடைச் சீட்டையும் 7ஆம் படியில் வாங்கிய பற்றுச்சீட்டையும் இணையுங்கள். சிம்மை மட்டும் புதிதாக எடுப்பதாயின் அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனக் கிளைக்குப் போனால் அன்றே கிடைக்கும்.